புது கேமராவா, நல்ல ஸ்டாண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாசகர்கள் அனுப்பும் இயற்கைக் காட்சிப் படங்களை வெளியிடும்போது கீழே கேமராவின் பெயரையும் போடுகிறீர்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆறு மாதமாக ஒரு ஃபுல் ஃபிரேம் கேமரா (படத்தைப் பதியும் சென்சார் பழைய பிலிம் அளவுக்குப் பெரிதாக இருப்பது) வாங்கலாமா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வாங்கவில்லை. காரணத்தை எழுதினால் இதே யோசனையில் இருக்கும் யாருக்காவது உதவும்.

என்னிடம் இருப்பது 2013-ல் வந்த நிக்கான் டி5300, சின்ன சென்சார், 24 மெகாபிக்சல். கடையில் ஃபுல் ஃபிரேம் பாடி மட்டுமே, லென்ஸ் இல்லாமல், ஒன்றரை லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். தவணையில் கட்டிவிடலாம் என்று வீட்டிலும் பேசியாயிற்று. நல்ல வேளையாக, கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் நண்பர் ஒருவர் தன் ஃபுல் ஃபிரேம் நிக்கானை இரண்டு நாள் கொடுத்தார், அதுவும் 24 மெகாபிக்சல்தான்.

முதல் நாள் மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி. தாமரைக் குளத்தோடு சமணர் மலையை இரண்டு கேமராவிலும் ஒரே இடத்தில் ஸ்டாண்டு போட்டு, ஒளியுணர்வைக் குறைத்து ஐஎஸ்ஓ 100-ல் எடுத்து, 12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டேன். எது எந்தக் கேமரா என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. 24 மெகாபிக்சல் என்றால் 6000-க்கு 4000 புள்ளிகள், அங்குலத்துக்கு 300 வைத்தாலும் 20-க்கு 13 அங்குலம் தாராளமாக வருமே!

மறுநாள் விடியுமுன் உத்தங்குடிப் பக்கமிருந்து யானைமலை. ஜூன் மாதம், சூரியன் வடகிழக்கில் எழுவதால் மலைக்குப் பின்னால் வானம் வெளுத்துவிட்டது, முன்னால் எல்லாம் ஒரே இருட்டு. கம்ப்யூட்டரில் அந்த இருட்டைத் தூக்கிப் பார்த்தால் என் படத்தில் பொரிபொரியாக இருந்தது, நண்பரின் கேமராவில் சுத்தம். அதன் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர், என்னுடையது 23.5-க்கு 15.6, பரப்பில் இரண்டேகால் மடங்குக்கும் மேல். இந்த வித்தியாசம் உண்மைதான். ஆனால் மலை எங்கேயும் ஓடவில்லையே, என் கேமராவிலேயே வானத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று, நடுவில் ஒன்று என வெளிச்ச அளவை மாற்றி மூன்று படம் எடுத்துச் சேர்த்தபோது குறை ஏறக்குறைய போய்விட்டது. மேகமலையில் நட்சத்திரம் எடுக்கிறவர்கள், சுவர் அளவுக்குப் பெரிதாக்குகிறவர்கள் கட்டாயம் வாங்கட்டும், அவர்களுக்கு அது நியாயமான செலவு.

இன்னொன்றைக் கடையில் யாரும் சொல்லவில்லை. என்னுடைய லென்ஸ்கள் சின்ன சென்சாருக்கானவை. அவற்றை ஃபுல் ஃபிரேமில் மாட்டினால் நடுப்பகுதி மட்டும்தான் பயன்படும், 24 மெகாபிக்சல் சுமார் 10 ஆகச் சுருங்கிவிடும். அப்புறம் லென்ஸுக்கும் தனியாகக் காசு.

இத்தனை நாள் படம் கூர்மையாக இல்லை என்று கேமராவையே குறை சொன்னேன், ஆனால் பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது பாதிக்கு மேல் அசைவு. நாகமலைக் காற்றுக்கு என் லேசான ஸ்டாண்டு நிற்கவே இல்லை. கனமான ஒன்று வாங்கினேன், கூடவே ஒரு போலரைசர் ஃபில்டர். குளத்து நீரிலும் ஈரப் பாறையிலும் அடிக்கும் பளபளப்பை அது குறைத்துவிடுகிறது, இந்த வேலையைப் பிறகு கம்ப்யூட்டரில் செய்துகொள்ள வழியில்லை.

மீதிப் பணம் பெட்ரோலுக்கு. அரிட்டாபட்டியை 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், நான் இதுவரை ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறேன், அதுவும் உச்சி வெயிலில். மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காக அறுத்தெடுத்த குன்றுகளைப் பார்க்கும்போது, முழுதாக இருந்த நாளில் ஒரு படம்கூட எடுக்காமல் விட்டோமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

ஆசிரியரிடம் ஒரே வேண்டுகோள். இனி வாசகர் படங்களின் கீழே கேமரா பெயருக்குப் பதிலாக எந்த ஊர், எந்த மாதம், எத்தனை மணி, ஸ்டாண்டு போட்டு எடுத்ததா என்று போடுங்கள். இடம் மிச்சமிருந்தால் கேமரா பெயரும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஒத்தக்கடை, மதுரை.