முன்சக்கர பேரிங்கைச் சுத்தியலால் தட்டிப் பொருத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் முன்சக்கர பேரிங்கை (சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் குண்டு வளையத்தை) வீட்டிலேயே மாற்றிக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தம் காரைத் தம் கையால் பழுதுபார்க்க வாசகர்களைத் தூண்டும் எழுத்து வரவேற்கத்தக்கதே. ஆனால், பழைய பேரிங்கைச் சுத்தியலால் தட்டி எடுத்துவிட்டுப் புதியதையும் அதேபோல் தட்டி உட்காரவைத்துவிடலாம் என்று போகிறபோக்கில் சொல்லியிருப்பதை அப்படியே விட்டுவிட முடியவில்லை.

முன்சக்கர இயக்கம் கொண்ட கார்கள் பலவற்றில் பேரிங், சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகமான நக்கிளுக்குள் மிக இறுக்கமாக அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். வெளிவளையத்தை நக்கிளும் உள்வளையத்தை, சக்கரம் பூட்டப்படும் நடுப்பாகமான ஹப்பும் பிடித்துக்கொள்ள, நடுவே இரண்டு வரிசைக் குண்டுகள் ஓடுகின்றன. பேரிங்கை நக்கிளுக்குள் செலுத்தும்போது அழுத்தம் வெளிவளையத்தின் மேல் மட்டுமே விழவேண்டும்; பின்னர் ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்கு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் அத்தனை விசையும் குண்டுகளின் வழியே இறங்கி, அவை ஓடும் தடத்தில் நுண்ணிய பள்ளங்களைப் பதித்துவிடும். சுத்தியல் அடியில் இந்த ஒழுங்கைக் காப்பது ஏறக்குறைய முடியாத காரியம். அப்படிப் பொருத்திய பேரிங் கொஞ்ச காலம் அமைதியாக ஓடிவிட்டு மறுபடி இரையத் தொடங்கும்போது, பொருள் மட்டம் என்று விற்றவரைத்தான் குறை சொல்கிறார்களே தவிர, பொருத்திய விதத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள கார்கள் பலவற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேரிங்கின் ஒரு பக்கத்தை மூடியிருக்கும் சீலிலேயே, சக்கரம் சுழலும் வேகத்தை அறிவதற்கான காந்தப் பட்டை இருக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்திருக்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இரு பக்கமும் ஒன்றுபோலவே தோன்றும். திருப்பிப் பொருத்திவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். திரும்பப் பிடுங்கும்போது பேரிங் பெரும்பாலும் கெட்டுவிடும் என்பதால் இன்னொன்று வாங்குவதே வழி.

இரைச்சல் வந்தாலே பேரிங்தான் என்ற கட்டுரையின் முடிவும் அவசரமானது. சீரற்றுத் தேய்ந்த டயரும் அதே போல ஊளையிடும். ஆனால் டயரின் ஓசை சாலையின் தன்மைக்கேற்ப மாறும். பேரிங்கின் ஓசை பெரும்பாலும் வேகத்தையும் அதன்மேல் ஏறும் சுமையையும் பொறுத்தது. வலப்புறம் வளையும்போது சுமை இடப்பக்கம் சாய்வதால், அப்போது இரைச்சல் கூடினால் முதலில் இடப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். காரைத் தூக்கி நிறுத்தி, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுழற்றினால், கெட்டுப்போன பேரிங்கின் கரகரப்பு விரல்களுக்கே தெரியும்.

வீட்டில் இந்த வேலை ஆகாது என்று நான் சொல்லவில்லை. பேரிங்கும் ஹப்பும் ஒன்றாகவே வந்து போல்ட்டால் பிணைக்கப்படும் முழு ஹப் வகை என்றால் தாராளமாக வீட்டிலேயே மாற்றலாம். அழுத்திப் பொருத்தும் வகையானால், நக்கிளைக் கழற்றுவதையும் திரும்பப் பூட்டுவதையும் நாமே செய்துகொண்டு, நடுவில் உள்ள அழுத்தும் வேலைக்கு மட்டும் ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறைக்கு அதை எடுத்துச் செல்வதே புத்திசாலித்தனம். கழற்றும்போது பிரேக் காலிப்பரை (பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகத்தை) அதன் பிரேக் எண்ணெய்க் குழாயிலேயே தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைக்க வேண்டும்.

ஹப்பின் நடுவில் அச்சின் முனையில் பூட்டும் ஆக்சில் நட்டைப் பற்றிக் கட்டுரையில் "நன்றாக முடுக்கவும்" என்று மட்டும் இருந்தது. பல கார்களில் இதற்கான அளவு 200 நியூட்டன் மீட்டரையும் தாண்டும். தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள அளவைப் பார்த்து முடுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். பேரிங்கின் உள்வளையத்தின் இரு பாதிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிப்பது இந்த நட்தான் என்பதால், அது முடுக்கப்படும் முன் காரின் பாரத்தைச் சக்கரத்தின் மேல் இறக்கினால் புது பேரிங்கே பழுதாகலாம். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, கார் தூக்கிய நிலையில் இருக்கும்போதே முடுக்கிவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஜாக்கியால் மட்டும் தூக்கிய காரின் அருகில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. பாரத்தை ஸ்டாண்டின் மேல் இறக்கி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும். இறுகிப்போன நட்டுகளைக் கழற்ற முழு பலத்தோடு இழுக்கும்போது கார் அசையும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால், அடுத்த வாகனப் பக்கத்தில் இதற்கென ஒரு திருத்தக் குறிப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்