இடம் மாறும் நாள் வரையிலும் ஆற்றைக் கடக்க வழி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் செத்த விலங்குகளைத் தின்று வாழும் பாறு கழுகுகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆற்றோர நீர்மருது மரங்களில் அவை கூடு கட்டுவதையும், மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தால் அந்த இனமே அற்றுப்போகும் நிலைக்கு வந்ததையும் கட்டுரையாளர் அக்கறையோடு எழுதியிருந்தார். ஆனால் அதே பள்ளத்தாக்கில் வாழும் தெங்குமரஹாடா மக்களுக்கு அதில் ஒரே ஒரு வரிதான் கிடைத்தது. 'விரைவில் காலி செய்யப்பட இருக்கும் கிராமம்' என்று சொல்லிவிட்டு அவர் கழுகுகளிடம் திரும்பிவிட்டார். என் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. அங்கே இன்றும் அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், வாழை தார் போடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஊரை அறியாதவர்களுக்காகச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். அரசுக் கணக்கில் தெங்குமரஹாடா நீலகிரி மாவட்டம், கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்தது. வண்டியில் போவதானால் ஈரோடு மாவட்டத்துப் பவானிசாகர் வழியாகத்தான் போக வேண்டும். காராச்சிக்கொரை சோதனைச் சாவடியைத் தாண்டியதும் சுமார் 25 கிலோமீட்டருக்குக் காட்டுப் பாதை. வழியில் யானை நின்றால் பஸ்ஸும் நிற்கும். யானை விலகிய பிறகுதான் புறப்படும். அந்த பஸ்ஸும் ஆற்றங்கரையோடு சரி. ஊர் அக்கரையில் இருக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றியிருந்தால் நடந்தே கடந்துவிடலாம். மற்ற நாட்களில் பரிசல்தான். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகள், சந்தைக்கு வரும் மிளகாய், வாழைத்தார் எல்லாம் பரிசலில்தான் ஏறி இறங்க வேண்டும்.

அவர்கள் அந்தக் காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்தவர்கள் அல்லர். சுதந்திரம் கிடைத்த கையோடு நாடு சோற்றுக்குத் திண்டாடிய காலத்தில், உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று அரசே அழைத்து வைத்த குடிகள். 1948-இல் அங்கே கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் உருவானது. வன நிலத்தில் சுமார் 500 ஏக்கர் குத்தகையாகச் சங்கத்துக்குத் தரப்பட்டது. படுகர், இருளர், சமவெளியிலிருந்து போனவர்கள் எல்லாரும் சேர்ந்து அதைத் திருத்தி விளைநிலமாக்கினார்கள். பக்கத்திலேயே கல்லம்பாளையம், அல்லிமாயார் போன்ற சிற்றூர்களும் இருக்கின்றன. இப்போது அவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று யாராவது பேசும்போது எனக்கு வயிறு எரிகிறது.

மாயாற்று வெள்ளம் ஒரு தனி வகை. அந்தப் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி. ஊரில் ஒரு தூறல்கூட விழாத நாளில், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு பொங்கி வரும். மேலே ஊட்டி, கூடலூர்ப் பக்கம் மழை பெய்து, பைக்காரா அணையில் தண்ணீர் திறந்திருப்பார்கள். காலையில் பரிசலில் வந்தவர் சாயங்காலம் இக்கரையிலேயே நிற்க வேண்டியதாகிவிடும். அங்கே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அறுவைச் சிகிச்சை என்றால் சத்தியமங்கலமோ மேட்டுப்பாளையமோ கோவையோதான். அதற்கு முதலில் ஆற்றைக் கடக்க வேண்டும். என் தங்கை மாசமாக இருந்தபோது, பேறுகாலத்துக்கு வெகு நாட்களுக்கு முன்பே எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டோம். சீர் முறைக்காக என்று வெளியே சொல்லிக்கொண்டோம். உண்மையில் ஆற்றுக்குப் பயந்துதான் அழைத்து வந்தோம். அந்த ஊரில் பெண் கொடுத்த பல வீடுகளில் இதுதான் வழக்கம். வெளியில் உறவு இல்லாத குடும்பத்துப் பெண் என்ன செய்வாள் என்று அன்றைக்கே என் அம்மா கேட்டார்.

இப்போது, வனவிலங்குகளுக்காக ஊரைக் காட்டுக்கு வெளியே மாற்றும் திட்டத்துக்கு வருகிறேன். புலிகளுக்கும் யானைகளுக்கும் அந்தப் பள்ளத்தாக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு பக்கம் முதுமலை, மறு பக்கம் சத்தியமங்கலம். இரண்டு புலிகள் காப்பகங்களுக்கும் நடுவே ஓடும் ஆறு அது. ஊரிலும் பலர் போகச் சம்மதித்திருக்கிறார்கள். பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பயிரை அழிக்கும் யானை என்று அவர்களுக்கு நியாயமான காரணங்கள் உண்டு. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் வீதம் 74 கோடியே 25 லட்சம் ரூபாயை வழங்கும்படி தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு உத்தரவிட்டது. போக விரும்புகிறவர்கள் போகட்டும். யாரையும் வற்புறுத்தாமல், அவரவர் சம்மதத்தோடு அது நடக்கட்டும்.

என் குறையெல்லாம் இடையில் உள்ள காலத்தைப் பற்றியதுதான். ஓர் ஊர் இடம் மாறப்போகிறது என்ற பேச்சு கிளம்பிவிட்டால், அன்றிலிருந்து அந்த ஊருக்கு எதைக் கேட்டாலும் 'எப்படியும் போகப்போகிறீர்களே, எதற்கு?' என்ற பதில் வந்துவிடுகிறது. பாலம் கேட்டாலும் அதுதான், பாதையைச் சீர்படுத்தச் சொன்னாலும் அதுதான். பேச்சு தொடங்கியபோது பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஊர் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆறும் அப்படியே இருக்கிறது. கடைசிக் குடும்பம் சாமான் ஏற்றிப் புறப்படும் நாள் வரை, மற்ற ஊர்களுக்கு உள்ள உரிமை தெங்குமரஹாடாவுக்கும் உண்டு. நாளைக்குப் போகப்போகிறவர் என்பதற்காக இன்றைக்கு ஒருவர் ஆற்றோடு போய்விடக் கூடாது.

பாலம் கட்டினால் வாகனங்கள் பெருகும், சுற்றுலா விடுதிகள் வரும், காடு கெடும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. மசினகுடிப் பக்கம் விடுதிகள் முளைத்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அப்படியானால் ஆட்கள் மட்டும் நடந்து போகும் அகலத்தில் ஒரு தொங்குபாலம் போடலாமே? அதில் கார் போகாது, லாரி போகாது. நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு போகலாம். ஊர் காலியான பிறகு கழற்றி எடுத்துவிடலாம். அதற்கும் காலம் ஆகும் என்றால், பரிசலில் ஏறும் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுப்பதற்கு எந்த அனுமதி தேவை? பைக்காராவில் மதகைத் திறக்கும் முன்பு, பரிசல் துறைக்குத் தவறாமல் தகவல் சேரும்படி ஓர் ஏற்பாடு செய்வதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. தண்ணீர் மலையிலிருந்து இறங்கி வர நேரம் எடுக்கிறது. அந்த நேரம் ஓர் எச்சரிக்கைக்குப் போதும்.

இழப்பீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிலம் சங்கத்தின் குத்தகை. உழுகிறவர் பெயரில் பட்டா கிடையாது. 15 லட்சம் கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் சத்தியமங்கலம் சுற்றுவட்டாரத்தில் வீட்டுமனை வாங்கி, ஒரு வீடும் கட்டிக்கொண்டால் உழுவதற்கு நிலம் வாங்க அதில் என்ன மிஞ்சும்? புலிகள் காப்பக மறுவாழ்வுத் திட்டத்திலேயே ரொக்கத்துக்குப் பதிலாக நிலமும் வீடும் பெறும் இன்னொரு வழி இருக்கிறது. அதைப் பற்றி வீடு வீடாக விளக்கிச் சொல்ல வேண்டும், முக்கியமாகச் சங்கத்தில் உறுப்பினராக இல்லாத கூலிக் குடும்பங்களுக்கு. காட்டை விட்டு இறங்கினால் தேன், கிழங்கு, மேய்ச்சல் எல்லாவற்றையும் இழக்கும் இருளர் குடும்பங்களுக்கு ரொக்கம் மட்டும் ஈடாகாது. இடப்பெயர்வு எங்கள் வட்டாரத்துக்குப் புதியதல்ல. 1955-இல் முடிந்த பவானிசாகர் அணையின் நீரில் டணாய்க்கன் கோட்டையும் அதைச் சார்ந்த ஊர்களும் மூழ்கின. அந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் பேசிப் பார்த்தால், கையில் வந்த பணம் எவ்வளவு நாள் தங்கியது என்று சொல்வார்கள்.

தெங்குமரஹாடாவிலிருந்து ஒருவர் தன் குறையை மாவட்ட ஆட்சியரிடம் நேரில் சொல்ல வேண்டுமானால், ஆற்றைக் கடந்து பவானிசாகர், மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி ஊட்டிக்குப் போக வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். இரண்டு நாள் கூலி போய்விடும். பாதை ஈரோடு மாவட்டத்தில், ஊர் நீலகிரியில் என்பதால், ஒரு மாவட்டத்தில் கேட்டால் மற்றதைக் காட்டுகிறார்கள். ஆகவே இரு மாவட்ட நிர்வாகங்களும், வனத்துறையும், பைக்காரா அணையைப் பார்த்துக்கொள்ளும் மின்வாரியமும் சேர்ந்து அந்த ஊரிலேயே மாதம் ஒரு முறை குறைதீர்க்கும் கூட்டம் நடத்த வேண்டும். முதல் கூட்டத்தை ஆனி, ஆடி மாதங்களில், ஆற்றில் நீர் வரும் காலத்தில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதிகாரிகளும் மக்களோடு பரிசலில் வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்தியமங்கலம்