காட்டுப் பழத்தின் பெயர் தெரியும்வரை

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் அதனுடன் வைத்திருந்த படமும் கிடைத்தன. முழங்கால் வலி தணிந்து மறுபடியும் காலைநடை போகத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததில் மிகுந்த மகிழ்ச்சி. வழியோரப் புதரில் உன் பேத்தி பறித்து வந்த கருநிறப் பழங்களைத் தின்னலாமா என்று கேட்டிருக்கிறாய். படத்தில் பழம் மட்டுமே இருக்கிறது; இலையும் பூவும் இல்லை. ஆகவே இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில்.

பழத்தின் நிறத்தை மட்டும் நம்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு மணத்தக்காளியும், ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வளரும் பெல்லடோனாவுமே போதும். இரண்டும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டின் பழமும் கறுத்துப் பளபளக்கும். ஆனால் மணத்தக்காளியில் சிறு பழங்கள் ஒரே காம்பிலிருந்து கொத்தாகத் தொங்கும். பூ வெண்மையாக, நடுவில் மஞ்சள் நிறத்துடன் இருக்கும். பெல்லடோனாவின் பழமோ செர்ரி அளவில், இலைக்காம்பின் இடுக்கில் தனியே நிற்கும்; அதன் அடியில், முன்பு பூவைத் தாங்கியிருந்த ஐந்து மடல் கொண்ட பச்சைப் புல்லிவட்டம் நட்சத்திரம்போல் விரிந்திருக்கும்; பூ மங்கிய ஊதா நிற மணி போன்றது. அட்ரோபின் என்னும் நஞ்சைக் கொண்ட அந்தப் பழம் நாவுக்குச் சற்றே இனிப்பாக இருக்கும் என்பதுதான் எனக்குப் பெரிதும் அச்சமூட்டுகிறது; குழந்தைகள் துப்பிவிடுவார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

பறவைகள் கொத்தித் தின்கின்றனவே என்று நீ எழுதியிருப்பதைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவற்றின் உடல் வேறு, நம் உடல் வேறு. மேலும் பல பறவைகள் சதையைத் தின்று விதையை உடைக்காமலே வெளியேற்றிவிடும், நாமோ மென்று விடுவோம். பால் வடியும் செடியின் பழம் ஆகாது என்ற பேச்சும் முழுமையானதன்று. அத்தியிலும் களாவிலும் பால் வடியும், அவற்றின் பழங்களை உண்கிறோம். பால் வடியாத எட்டியோ ஆரஞ்சுபோல் அழகாகப் பழுத்து, விதைக்குள் ஸ்ட்ரிக்னைன் என்னும் கொடிய நஞ்சை வைத்திருக்கிறது. வேகவைத்தால் எல்லா நஞ்சும் போய்விடும் என்பதும் தவறு.

யாரேனும் ஏற்கெனவே ஒன்றிரண்டைத் தின்றிருந்தால், நீயாக வாந்தி எடுக்க வைக்காதே. மீதிப் பழத்தையும் இலையுள்ள கிளை ஒன்றையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போ. குன்றிமணி, ஆமணக்கு விதை போன்றவற்றின் நஞ்சு பல மணி நேரம் கழித்தே வெளிப்படக்கூடும் என்பதால், ஒன்றும் ஆகவில்லையே என்று காத்திருப்பது சரியன்று.

அடுத்த கடிதத்தில் இலைகள் தண்டில் மாறி மாறி அமைந்திருக்கின்றனவா, எதிரெதிராகவா என்று எழுது. பூவின் படத்தையும், குறுக்கே வெட்டிய பழத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பு. தாவரங்களை நேரில் கண்டு பெயர் சொல்லத் தெரிந்த ஒருவரிடம் அந்தக் கிளையைக் காட்ட முடிந்தால், என் பதிலுக்குக் காத்திராமல் முதலில் அதைச் செய். கைப்பேசிச் செயலி சொல்லும் பெயரைத் தேடலின் தொடக்கமாக மட்டுமே எடுத்துக்கொள். வெட்டிய கத்தியையும் கைகளையும் நன்றாகக் கழுவிவிடு.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்