கூட்டல்தான் முதலிலா?

ஐயா,

ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியின் நோட்டில் 12 − 5 + 3 = 4 என்று இருந்தது. அதற்குச் சிவப்பு மையில் 'சரி' வேறு. கேட்டால், "போட்மாஸில் கூட்டல்தானே தாத்தா முன்னாடி வருது?" என்கிறாள். (கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலில் எதை முதலில் செய்வது என்பதை நினைவில் வைக்க, ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த சொல்தான் போட்மாஸ், BODMAS.)

கூட்டலும் கழித்தலும் சம அந்தஸ்து. இடமிருந்து வலமாகப் போக வேண்டும். பெருக்கல், வகுத்தலுக்கும் அப்படியே. இதைச் சொல்லாமல் எழுத்துகளை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். (எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.)

"முதுநகரிலிருந்து வரும் பஸ்ஸில் 12 பேர். திருப்பாதிரிப்புலியூரில் 5 பேர் இறங்கி, 3 பேர் ஏறினால்?" என்றேன். விரல் விட்டு எண்ணாமலேயே "பத்து" என்றாள். அப்புறம் அவளே ரப்பரைத் தேடினாள். ஆசிரியர் பயிற்சியில் இந்த ஒரு இடத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கக் கூடாதா?

– ஒரு தாத்தா, மஞ்சக்குப்பம், கடலூர்