வீடியோவை எடுத்துவிட்டேன், அக்கா

அக்கா,

உங்கள் அப்பா சாவில் நான் எடுத்துப் போட்ட அந்த வீடியோவை நேற்று ராத்திரி இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். இந்த மாசியோடு அப்பா போய் ஐந்து வருஷம். உங்கள் எண்ணுக்கு அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நின்றுவிடுகிறது, அதனால் இங்கே எழுதுகிறேன். உங்கள் பெயரை எங்கேயும் எழுதவில்லை. யாராவது ஊகித்தாலும் கீழே வந்து எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2020 தொடக்கத்தில், ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடியேற்றிய கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் ஓவியர்கள் கிரேனில் ஏறி வரைந்துகொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் மூன்று வருஷம் வேலை பார்த்தும் துரைப்பாக்கம் தாண்டி உங்கள் ஊருக்குள் கால் வைக்காத நான், அதற்காகத்தான் முதல்முதலில் வந்தேன். மாடி உயரத்துக்கு முகங்கள். நான் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றேன். பின்னாலிருந்து நீங்கள் கூப்பிட்டது இன்னும் காதில் இருக்கிறது. “இன்னா பாப்பா, செவுத்தையே பாத்துனு நிக்கற, வூட்டுக்குள்ள வர மாட்டியா?”

அப்புறம்தான் எனக்கு இந்தச் சென்னை தெரிய ஆரம்பித்தது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சுடிதார் பார்த்தபோது, வெளிப்பக்கத்தைப் பார்க்காதே, திருப்பித் தையலைப் பார் என்றீர்கள். இன்றைக்கும் அப்படித்தான் துணி எடுக்கிறேன். உங்கள் தம்பி முடிக்குச் செம்பட்டைக் கலர் அடித்திருந்த காலம் அது. ஊரே ‘புள்ளிங்கோ’ என்று சிரித்தது, நானும்தான். அந்தக் கலருக்கும் வெட்டுக்கும் அவன் எத்தனை நாள் மீன்பாடி வண்டி மிதித்தான் என்று நீங்கள் கணக்குச் சொன்ன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கானாப் பாட்டைப் பற்றி நமக்குள் நடந்த சண்டையும் நினைவிருக்கும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கானா பாடும் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல்முறை மேடையேறியபோது நான் கூட்டத்தில் இருந்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். நீங்கள், “மேடையில பாடுனா பாட்டு. எங்க வூட்டு சாவுல பாடுனா அது இன்னா?” என்று கேட்டீர்கள். பதில் என்னிடம் இல்லை.

பதினைந்தே நாளில் அப்பா போய்விட்டார்.

அந்த ராத்திரியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஷாமியானாவுக்குக் கீழே ஐஸ் பெட்டி, அதன் தலைமாட்டில் சீரியல் லைட். உள்ளே பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள், வெளியே கீபோர்டுக்கு ஒயர் இழுக்கிறார்கள். பதினொரு மணிக்குப் பாடகர் வந்தார். வந்ததும் பாடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டி ஓரமாக உட்கார்ந்து, பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்தார். அப்பா பேர், அவர் அப்பா பேர், கூவம் கரையில் இருந்தபோது எந்தத் தெரு, எந்த வேலை, எத்தனை பிள்ளைகள், மருமகன் பேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். செத்தவரை ஒருநாளும் பார்த்திராத மனிதர். டோலக் ஆரம்பித்து நாலாவது வரியில் அப்பா முழு ஆளாக அங்கே வந்துவிட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தோள், பொங்கலுக்கு எடுத்துவந்த துணி, வீட்டைப் பிரித்து லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கிய நாள், எல்லாமே பாட்டுக்குள் வந்தன.

அப்போதுதான் நீங்கள் வெளியே வந்தீர்கள். கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. ஆண்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்த இடத்துக்கு நடுவில் போய் நின்று ஆடினீர்கள். யாரும் தடுக்கவில்லை. சித்தி மட்டும் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார், நீங்கள் உதறினீர்கள். அழுதுகொண்டே ஒருவர் அப்படி ஆடி நான் அதுவரை பார்த்ததில்லை, அதன் பிறகும் பார்க்கவில்லை.

நான் போனில் எடுத்துக்கொண்டிருந்தேன். எடுக்கச் சொன்னது நீங்கள். “எடு பாப்பா, அப்பாவுக்குப் பாடுறத எடு” என்றீர்கள். அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் எனக்கு நானே நியாயம் சொல்லிவந்தேன். எடு என்றால் வீட்டுக்கு எடு என்று அர்த்தம், ஊருக்குப் போடு என்று இல்லை. அது அன்றைக்கே தெரியாதா எனக்கு? தெரிந்தும், மூன்று நிமிடத்துக்கு வெட்டி, ‘நீங்கள் பார்க்காத சென்னை’ என்று தலைப்பு வைத்துப் போட்டேன். உங்கள் துக்கத்துக்கு நான் வைத்த தலைப்பு அது. மன்னித்துவிடுங்கள்.

ஆனால் ஆசையில் போட்டேன், அக்கா. நீங்கள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்று நம்பினேன். அந்த வருஷக் கடைசியில் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் கானா பாடும் இசைவாணியின் பெயர் வந்தபோது முதலில் உங்களுக்குத்தான் போன் அடித்தேன். எடுக்கவில்லை.

வீடியோவுக்குக் கீழே வந்த கருத்துகளை நான் பிறகுதான் படித்தேன். உங்கள் புகுந்த வீட்டில் அதைக் காட்டி என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். 2020 மார்ச்சிலேயே ஊரடங்கு வந்தது, நான் தஞ்சாவூர் போய்விட்டேன், உங்களுக்கு இருந்த வேலையும் இல்லாமல் போனது. நேரில் வந்து நின்றிருந்தால் திட்டிவிட்டாவது பேசியிருப்பீர்கள். வராதது என் தப்பு.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ‘எடுத்துடு’ என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்லியிருந்தால் அன்றைக்கே எடுத்திருப்பேன். தம்பியை விட்டுப் பேசச் சொன்னீர்கள். எங்கள் சாவில் காசு பார்த்தவள் என்று அவன் சொன்னான். அந்த வீடியோவில் எனக்கு ஒரு ரூபாய் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் இருந்துகொண்டு சும்மா இருந்தீர்கள். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட நாளெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்குச் சமமா? நான் அவ்வளவு வெளியாளா?

சரி, விடுங்கள். வீட்டுக்குள் வா என்று கூப்பிட்டவர் நீங்கள். உள்ளே வந்து பார்த்ததை வெளியே கொண்டுபோய்க் காட்டியவள் நான்.

நேற்று அழிப்பதற்கு முன்னால் முழுப் பதிவையும் கேட்டேன். மொத்தம் 41 நிமிடம். நான் போட்ட மூன்று நிமிடத்தில் இல்லாத ஓர் இடம் அதில் இருக்கிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பாடகர் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து உங்களிடம், “உன் பேரு இன்னாமா?” என்று கேட்கிறார். நோட்டில் மருமகன் பேர் வரை எழுதியவர் மகள் பேரை எழுதாமல் விட்டிருக்கிறார். நீங்கள் மூச்சு வாங்கச் சொல்கிறீர்கள். அடுத்த வரியில் அப்பா பேருக்குப் பக்கத்திலேயே உங்கள் பேரை வைத்துப் பாடுகிறார். சத்தம் சரியாக இல்லை, தாளம் நிற்கிறது என்று அந்த இடத்தை வெட்டியிருக்கிறேன்.

முழுப் பதிவையும் பென் டிரைவில் போட்டு, உங்கள் பிளாக் முனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஆயாவிடம் கொடுத்திருக்கிறேன். என்னிடம் நகல் இல்லை. உங்கள் பேரைப் பாடும் இடம் 23-வது நிமிடத்தில் வரும்.