டப்பா மேல இருக்குற பேரை மட்டும் பாத்து ப்ளாங்க் டிவிடி வாங்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல இனிமே சிடி, டிவிடி எல்லாம் யாருக்கு வேணும், எல்லாமே பென்டிரைவ்தான்னு ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. எனக்கு அதுல உடன்பாடு இல்லங்க. நான் கோர்ட் பக்கத்துல ஜெராக்ஸ், டைப்பிங், சிடி ரைட்டிங் கடை வச்சிருக்கேன். இன்னிக்கும் வக்கீல் குமாஸ்தாக்கள் சிசிடிவி ஃபுட்டேஜைக் கொண்டாந்து டிவிடியில போட்டுக் குடுங்கன்னு கேக்குறாங்க. அதோட எலக்ட்ரானிக் ஆதாரத்துக்குன்னு ஒரு சான்றிதழும் வைக்கணும், முன்னாடி அதை 65பி சர்டிஃபிகேட்னு சொல்லுவாங்க, 2024 ஜூலையில புது சாட்சிய சட்டம் வந்தப்புறம் அது பிரிவு 63 ஆயிடுச்சு, அதுல ஹாஷ் வேல்யூ (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண், ஃபைலை மாத்துனா அதுவும் மாறிடும்) வேற எழுதிக் குடுக்கணும். எழுதி முடிச்ச டிவிடி-ஆர்ல (ஒருதடவ மட்டும் எழுதுற டிஸ்க்) எவனும் உள்ள இருக்குற ஃபைலை மாத்தி அதே டிஸ்க்ல திரும்ப எழுத முடியாது, அதனாலதான் இன்னும் இதைக் கேக்குறாங்க. ஸ்கேன் சென்டர்ல எம்ஆர்ஐ எடுத்தாலும் பல இடத்துல கையில ஒரு சிடிதான் குடுத்து அனுப்புறாங்க.

அதனால யாருக்கு வேணும்ங்குறது கேள்வியே இல்ல, நல்ல ப்ளாங்க் டிஸ்க்கை கம்மி விலையில எப்படி வாங்குறதுங்குறதுதான் கேள்வி, அதைப் பத்தி யாருமே எழுத மாட்டேங்குறாங்க.

முக்கியமா ஜனங்களுக்குத் தெரியாத விஷயம் என்னன்னா டப்பா மேல போட்டிருக்குற பிராண்டு வேற, உள்ள இருக்குற டிஸ்க்கைச் செஞ்ச ஃபேக்டரி வேற. உலகத்துல டிஸ்க் செய்ற ஃபேக்டரி எப்பவுமே கொஞ்சம்தான். தைவான்ல சிஎம்சி, ரைடெக், ஜப்பான்ல தையோ யூடன், நம்ம நாட்டுல நொய்டாவுல மோசர் பேயர்னு இருந்தாங்க. மத்தவங்க பாதிப் பேர் இவங்ககிட்ட வாங்கி தன் பேரைப் போட்டு விக்கிறவங்கதான். சிடி-ஆர்ங்குற சரக்கையே மொதல்ல கொண்டாந்த தையோ யூடன் 2015-ல இந்தத் தொழிலை விட்டுட்டாங்க. மோசர் பேயரை 2018-ல கலைக்கச் சொல்லி உத்தரவாயிடுச்சு, ஒரு காலத்துல 28 ரூபாய்க்கு சினிமா விசிடி வித்த கம்பெனி அது, எனக்கு அது இன்னிக்கும் வருத்தம்தான். வெர்பேட்டிம் பிராண்டை 2019-ல சிஎம்சியே வாங்கிட்டாங்க. சோனி ப்ளூ-ரே ப்ளாங்க் டிஸ்க் தயாரிப்பை 2025 பிப்ரவரியோட நிறுத்திட்டாங்க. ஆக பத்து வருஷம் முன்னாடி நல்லா இருந்துச்சேன்னு அதே பேரைச் சொல்லி இப்ப வாங்குனா அதே சரக்குதான் வரும்னு நிச்சயம் கிடையாது.

அப்ப எதைப் பாக்கணும்? ஒவ்வொரு டிஸ்க்லயும் செஞ்ச கம்பெனியோட அடையாளக் கோடு (code) ஃபேக்டரியிலேயே பதிஞ்சிருக்கும். ஒரு ப்ளாங்க் டிஸ்க்கை டிரைவ்ல போட்டு இம்ஜ்பர்ன் மாதிரி இலவச சாஃப்ட்வேரைத் தொறந்தீங்கன்னா வலது பக்கம் காட்டிரும். சிஎம்சி மேக்னு வந்தா சிஎம்சி, ரைடெக்னு வந்தா ரைடெக், எம்பிஐன்னு ஆரம்பிச்சா மோசர் பேயரோட பழைய ஸ்டாக். நான் எப்பவும் கடைக்காரர்கிட்ட மொதல்ல கவரோட ஒரு டிஸ்க் மட்டும் வாங்கி கோடு பாத்து ஃபுல்லா எழுதி வெரிஃபை (எழுதுனது சரியா இருக்கான்னு திரும்பப் படிச்சுப் பாக்குறது) போட்டுப் பாத்துட்டுதான் 50 டிஸ்க் இருக்குற டப்பா வாங்குவேன். ஒருதடவ ஆன்லைன்ல ரொம்ப சீப்பா கெடச்சதுன்னு பக்கத்துக் கடைக்காரர் ஒரு டப்பா வாங்குனார், மேல ஒரு பெரிய பிராண்டு பேரு, உள்ள கோடே வேற ஏதோ, டியூப்லைட்டுல சாச்சுப் பிடிச்சா டேட்டா பதியுற மை ஓரத்துல திட்டுத் திட்டா தெரியுது. எழுதும்போது எந்தத் தப்பும் காட்டல, வெரிஃபைல 90 பர்சென்ட் தாண்டுனதும் திணற ஆரம்பிச்சிருச்சு. டிஸ்க் உள்ளேருந்து வெளிய எழுதிக்கிட்டே போகுதுல்ல, மட்டமான சரக்குல அந்த வெளி ஓரம்தான் மொதல்ல மோசமாகும். அதனால 4.7 ஜிபின்னு போட்டிருந்தாலும் (கம்ப்யூட்டர் கணக்குல அது 4.37தான்) நான் 4.2-க்கு மேல ஏத்துறதே இல்ல.

ஸ்பீடு விஷயத்துலயும் அவசரம் வேண்டாம், 16எக்ஸ் (எக்ஸ்ங்குறது எழுதுற வேகம்) டிஸ்க்னா 8எக்ஸ்ல எழுதுங்க, அதுக்காக 1எக்ஸ், 2எக்ஸ்னு ரொம்ப இறக்கவும் கூடாது, அந்த மை அந்த வேகத்துக்குச் செஞ்சது இல்ல. பழைய டிவிடி பிளேயர்ல ஓடணும்னா டிவிடி ப்ளஸ் ஆரை (DVD+R) விட்டுட்டு மைனஸ் ஆர் (DVD-R) வாங்குங்க. கவர் இல்லாம லூஸ்ல விக்கிறதைத் தொடவே தொடாதீங்க, அது பெரும்பாலும் ரெண்டாந்தர சரக்கு. சிடியில எல்லாரும் அடிப்பக்கத்தையே துடைச்சுத் துடைச்சு வைப்பாங்க, ஆனா டேட்டா இருக்குற படலம் லேபிளுக்கு அடியில ஒரு மெல்லிசு பூச்சுக்குக் கீழதான் இருக்கு, மேல்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி எழுதுனா அங்கேயே சிடி காலி. டிவிடியில ரெண்டு தகடு ஒட்டி நடுவுல டேட்டா இருக்குறதால மேல்பக்கக் கீறலைத் தாங்கும், ஆனா பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டுனா வளைஞ்சுக்கும்.

இவ்வளவும் சொல்றது காசுக்காக இல்லங்க, ஒரு டிஸ்க்குக்கு ரெண்டு மூணு ரூபா மிச்சம் பிடிக்கப் போய் கேஸ் விசாரணைக்கு வர்ற அன்னிக்கு டிவிடி ஓப்பன் ஆகலன்னா அந்தக் குடும்பத்துக்கு யாரு பதில் சொல்றது? கல்யாண கேசட்டை டிவிடியா மாத்திட்டு கேசட்டைத் தூக்கிப் போட்டவங்க எத்தனை பேர் இருக்காங்க. அப்படி பழைய டிவிடி வச்சிருக்குற வாசகர்கள் இந்த வாரமே ஒரு ஹார்டு டிஸ்க்ல காப்பி எடுத்துருங்க, டிஸ்க்கையும் வெயில் படாத எடத்துல நேரா நிமித்தி வைங்க.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல இப்ப கெடைக்கிற டிஸ்க் எல்லாத்துலயும் ஒவ்வொண்ணு வாங்கி, என்ன கோடு, எழுதி வெரிஃபை பண்ணா என்ன ஆகுது, என்ன விலைன்னு ஒரு பக்கம் போடுங்க. செஞ்சவங்க பேரை டப்பா மேலயே அச்சடிக்கணும்னு விக்கிற கம்பெனிகளையும் கேளுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்