மோகனிடம் நீ பேசு

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள கமலா,

போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம், அதனால் எழுதுகிறேன். தங்கை வசந்தாவுக்குக் கீமோ முடிந்தது. முடி குட்டையாக முளைத்திருக்கிறது. தேக்கா சந்தைக்குத் தனியாகப் போய் மீன் வாங்குகிறாள், விலைக்குச் சண்டையும் போடுகிறாள். அந்தக் கவலை விட்டது. இப்போது வேறொன்று.

44 வயதிலேயே மார்பகப் புற்றுநோய் வந்ததால், மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்றார்கள். அவுட்ரமில் இருக்கும் தேசியப் புற்றுநோய் நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். மரபணு ஆலோசனை சொல்லும் கவுன்சலர் சின்னப் பெண். ரத்தம் எடுப்பதற்கு முன் ஒரு தாளில் நம் வம்சத்தையே வரைந்துவிட்டாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள் என்றதும் நடுவில் இரட்டைக் கோடு போட்டாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"பாட்டி எதனால் இறந்தாங்க?" என்று கேட்டாள். எங்களுக்கு வயிற்றுவலி என்றுதான் சொல்லி வளர்த்திருந்தார்கள். அங்கிருந்தே பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். நெடுநேரம் மழுப்பிவிட்டு, "கர்ப்பப்பை பக்கத்துல கட்டி. உங்க சித்திக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருந்தோம், வெளியில சொல்லல" என்றார். அந்தச் சித்தியும் ஐம்பதைத் தாண்டாமல் எப்படிப் போனார் என்பது உனக்கே தெரியும். இரண்டு வட்டங்கள் கறுத்தன. அம்மா சிறு வயதிலேயே விபத்தில் போய்விட்டதால் அம்மாவின் வட்டம் வெள்ளையாகவே நின்றது. வெள்ளையாக இருந்தால் பழுது இல்லை என்று அர்த்தமில்லையாம். நோய் வருவதற்கு ஆயுள் போதவில்லை, அவ்வளவுதான்.

வசந்தாவுக்கு பிஆர்சிஏ1 மரபணுவில் பழுது இருக்கிறது. அது உள்ள பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவது ஏறக்குறைய 72 சதவீதம், சூலகத்தில், அதாவது முட்டைப்பையில், புற்றுநோய் வருவது 44 சதவீதம். பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி, ஆணானாலும் பெண்ணானாலும். எனக்கும் பார்த்தார்கள். இல்லை. "நல்ல வேளைக்கா" என்று வசந்தா என் கையைப் பிடித்தாள். என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தப்பியவர்களுக்கு இப்படி ஒரு குற்ற உணர்வு வருவது சகஜம்தான் என்று கவுன்சலர் சொன்னாள். சொன்னால் மட்டும் போய்விடுமா?

"இனி என்னதான் செய்யணும், நீங்களே சொல்லுங்க" என்று வசந்தா கெஞ்சாத குறை. அந்தப் பெண் விவரமெல்லாம் சொன்னாள், முடிவை மட்டும் சொல்லவில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. யார் பிள்ளை பெறலாம், யார் கூடாது என்று அரசுகளும் மருத்துவர்களும் தீர்மானித்த கொடுமையான காலம் ஒன்று இருந்ததல்லவா, அதனால்தான் இந்தத் துறை இப்படி ஒதுங்கி நிற்கப் பழகியிருக்கிறது. உறவினர்களுக்கும் அவர்களாகப் போன் செய்வதில்லை. இந்த விவரத்தை எழுதி வசந்தா கையில் ஒரு கடிதம் கொடுத்து, வேண்டியவர்களிடம் காட்டச் சொன்னார்கள். கடிதம் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. காரணம் தம்பி மோகன்.

"நான் ஆம்பளை, எனக்கெதுக்கு டெஸ்ட்?" என்றான் முதலில். ஆண் வழியாகவும் இறங்கும் என்று விளக்கியதும் பேச்சை மாற்றினான். "தை மாசம் என் பொண்ணு திவ்யாவுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? முடியட்டும், பார்க்கலாம்." நம் பெரியம்மா பேசியதே இவன் வாயிலும் வருகிறது!

தெரிந்துகொள்ள விரும்பாதவரை நான் குறை சொல்லமாட்டேன். நான்சி வெக்ஸ்லர் என்று ஒரு அமெரிக்க விஞ்ஞானி. அவர் அம்மா ஹண்டிங்டன் என்ற, மூளையைச் சிதைக்கும் பரம்பரை நோயில் இறந்தவர். அந்த மரபணு எந்த இடத்தில் இருக்கிறது என்று 1983இல் கண்டுபிடித்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படிப்பட்டவரே தனக்குச் சோதனை வேண்டாம் என்று பல ஆண்டுகள் இருந்தார். ஆனால் அது அவர் உடம்பு, அவர் முடிவு. அந்த நோயைத் தடுக்க வழியும் இல்லை. திவ்யாவுக்கு வழி இருக்கிறது. பழுது இருந்தால் 25 வயதிலிருந்தே ஆண்டுதோறும் எம்ஆர்ஐ எடுக்கலாம். பிள்ளை பெற்ற பிறகு, 35க்கும் 40க்கும் இடையில் சூலகத்தை எடுத்துவிடலாம். அவளுக்கு இப்போது 27. மோகன் தனக்கு வேண்டாம் என்றால் சரி. மகளுக்கும் சேர்த்து வேண்டாம் என்று சொல்ல அவன் யார்? மாப்பிள்ளையிடம் சொல்வதா, எப்போது சொல்வது என்பதுகூட அவள்தான் தீர்மானிக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் கிடைக்காமல் போய்விடும் என்று மோகன் மனைவி பயப்படுகிறாள். 2021 அக்டோபரிலிருந்து காப்புறுதி நிறுவனங்கள் யாரையும் மரபணுச் சோதனை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று இங்கே ஏற்பாடு இருக்கிறது. ஏற்கெனவே செய்த சோதனையின் முடிவைக் கேட்பதற்கு, மிகப் பெரிய தொகைக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. கேட்டுப் பார்த்துவிட்டுப் பயப்படலாமே.

நான் சொன்னால் அக்கா பதறுகிறாள் என்பான். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவன் உன் பேச்சுக்குத்தான் அடங்குவான். தீபாவளிக்கு முன் ஒரு போன் போடு. மிரட்டாதே, சோதனை செய்யச் சொல்லவும் வேண்டாம். திவ்யாவிடம் அந்தக் கடிதத்தைக் கொடு என்று மட்டும் சொல். நீ பேசியும் மசியாவிட்டால் நானே கொடுத்துவிடுவேன், அதையும் அவனிடம் சொல்லிவிடு.

கல்யாணத்துக்கு வரும்போது ஹோட்டலில் அறை எடுக்காதே, என் வீட்டில்தான் தங்கவேண்டும். ஈப்போவிலிருந்து வரும்போது வசந்தாவுக்குப் பொமெலோ வாங்கி வா, ஆசைப்படுகிறாள்.

அன்புடன்,
சரோஜா